உடைந்த பொருள் பேசும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வருபவர் கையில் தாள்கட்டு இருக்க வேண்டும். நான் ஒரு மஞ்சப்பையோடு வந்திருக்கிறேன். வாசலில் நின்ற மாணவர், "சாப்பாடா மேடம்? உள்ளே வச்சிரட்டுமா?" என்று கேட்டார். சாப்பாடு இல்லை. ஐந்து லிட்டர் குக்கரின் மூடி. வெயிட் உட்காரும் குழாய் நடுவில் இருக்கிறது, பக்கத்தில் சேஃப்டி வால்வு. ஓரத்துப் பூட்டுப்பற்களில் ஒன்று முறிந்திருக்கிறது. அழைப்பிதழில் 'பாதுகாப்பற்ற நுகர்பொருள்களும் சட்ட உதவியும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தலைப்பும் இந்த மூடியும் ஒன்றுதான்.

இந்த மூடியின் கதைக்கு முன்னால் நான் தோற்ற வழக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. கறுப்புக் கோட்டுப் போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஓர் அண்ணன் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். குக்கர் வெடித்துக் கொதிபருப்பு கொட்டி முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வெந்த கை. குக்கர் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "குக்கர் எங்கே?" என்றேன். அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. "கடைக்காரர் தங்கமான மனுஷன் மேடம். விஷயத்தச் சொன்னதும் பழச வாங்கிக்கிட்டுப் புதுசே குடுத்துட்டாரு." பில்? அதையும் வாங்கிக்கொண்டு புதுப் பில் போட்டுக் கொடுத்திருந்தார்.

வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: எந்தக் குக்கர்? வெடித்த பொருளும் இல்லை, அதை விற்றதற்கான தாளும் இல்லை. மிஞ்சியது வெந்த கை. கை வேக ஆயிரம் காரணம் இருக்கலாம் என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரரா, இளகிய மனசுக்காரரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாகக்கூட இருந்திருக்கலாம்.

சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நத்தை வழக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாண்டிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர், 1928 ஆகஸ்ட் 26. கடையில் வேலை பார்க்கும் மே டொனாஹு என்ற பெண்ணுக்குத் தோழி ஒருத்தி ஐஸ்கிரீமும் இஞ்சி பீரும் வாங்கிக் கொடுத்தாள். உள்ளே இருப்பது தெரியாத பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். பாதி குடித்தபின் மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்பது அவர் தரப்பு. காசு கொடுத்தவள் தோழி. பாட்டிலில் அடைத்தவர் ஸ்டீவன்சன். குடித்தவருக்கும் அடைத்தவருக்கும் நடுவே எந்த ஒப்பந்தமும் இல்லை, பிறகு எப்படி வழக்கு? பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1932 மே 26இல் மூவருக்கு இருவர் என்ற கணக்கில், வழக்கு உண்டு என்றது. நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் எவரோ அவர்மேல் நமக்குக் கவனக் கடமை உண்டு என்ற அட்கின் பிரபுவின் 'அண்டைவீட்டார்' தத்துவம் அங்கேதான் பிறந்தது.

தேர்வுக்கு அவ்வளவு போதும். எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. அந்தப் பெண்ணின் வக்கீல் வால்டர் லீச்மன், அதே மாதிரி வழக்கில், பாட்டிலுக்குள் எலி கிடந்த வழக்கில், தோற்றுப் போனவர். தோற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, இந்த நத்தை வழக்கைப் போட்டார். மேல்முறையீட்டுக்குப் பணமில்லை. என்னிடம் ஐந்து பவுன்கூடத் தேறாது என்று அந்தப் பெண் சத்தியம் செய்து கொடுத்தார். ஏழை வழக்காளி என்று சபை ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்றதால்தான் தோற்றாலும் எதிராளியின் செலவைக் கட்ட வேண்டாம் என்ற காப்பு அவருக்குக் கிடைத்தது. உலகம் முழுக்கப் பாடநூலில் ஏறிய தீர்ப்பு, இலவச சட்ட உதவி இல்லாவிட்டால் பிறந்தே இருக்காது. பேராசிரியர்கள் இந்த இடத்தை ஏன் ஓடிக் கடக்கிறார்களோ தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. சபை தீர்மானித்தது சட்டக் கேள்வியை மட்டும். பிறகு ஸ்டீவன்சன் இறந்துபோனார், வழக்கைப் பேசி முடித்துக்கொண்டார்கள். பாட்டிலில் நத்தை இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் லீச்மனிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்: எந்தப் பாட்டில்?

கலிபோர்னியாவில் மெர்சட் என்ற ஊரில் அதைக் கேட்கவே கேட்டார்கள். உணவகத்தில் பரிமாறும் பெண் ஒருவர், பெட்டியிலிருந்து கோகோ கோலா பாட்டில்களை எடுத்துக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாலாவது பாட்டில் கைக்குள்ளேயே வெடித்தது. உள்ளங்கையில் ஐந்து அங்குலத்துக்கு ஆழமான வெட்டு. நரம்பும் தசையும் அறுந்தன. வழக்கு நடக்கும்போது கண்ணாடித் துண்டுகள் எங்கே என்று பார்த்தால், உணவகத்தில் வேலை செய்த ஒருவர் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டார். பாட்டில் எப்படி உடைந்திருந்தது என்று அந்தப் பெண் சொல்லச் சொல்லப் படம் வரைந்து காட்டினார்கள். 1944இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குத் துணைநின்றது 'பொருளே பேசும்' என்ற பழைய லத்தீன் சட்டமொழி. ஒழுங்காக அடைத்த பாட்டில் ஒழுங்காகக் கையாண்டவர் கையில் தானாக வெடிக்காது. வெடித்தால் அடைத்த இடத்தில்தான் கோளாறு என்று ஊகிக்கலாம். நமக்கோ தமிழில் 'பொருள்' என்றால் பண்டமும் அதுதான், அர்த்தமும் அதுதான், காசும் அதுதான். பாட்டில் வெடித்தால் மூன்றும் சேர்ந்தே சிதறுகின்றன.

அந்த வழக்கில் நீதிபதி ராஜர் டிரெய்னர் தனியாக ஓர் ஒத்த தீர்ப்பு எழுதினார். கவனக்குறைவு இருந்ததா என்று தேடி ஏன் அலைய வேண்டும்? சந்தைக்குப் பொருளை அனுப்பியவன் அதன் குறைக்கு நேரடியாகவே பொறுப்பு என்று சொல்லிவிடலாமே என்பது அவர் வாதம். அன்று அவரோடு யாரும் சேரவில்லை. 19 ஆண்டுகள் கழித்து, 1963இல், இன்னொரு வழக்கு வந்தது. மனைவி கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கிக் கொடுத்த மரவேலை இயந்திரத்திலிருந்து கட்டை தெறித்து ஒருவர் நெற்றியைப் பிளந்திருந்தது. இந்த முறை டிரெய்னர் எழுதியதை நீதிமன்றம் முழுவதும் ஏற்றது. அங்கும் வாங்கியவர் ஒருவர், அடிபட்டவர் ஒருவர். கவனித்தீர்களா, இந்த வழக்குகளில் அடிபட்ட கை பெரும்பாலும் காசு கொடுத்த கையாக இருப்பதில்லை.

இனி நம் அடுப்படிக்கு வருவோம்.

நம் வீட்டில் குக்கர் வெடித்தால் முதல் குற்றவாளி யார்? "விசில் எண்ணலையா? கேஸ்கட்டச் சரியாப் போட்டியா? போன் பேசிக்கிட்டிருந்தியா?" கையில் தேங்காயெண்ணெய் தடவுவதற்குள் குறுக்கு விசாரணை முடிந்துவிடும். சட்டம் நூறு வருஷமாகக் கையை விட்டுப் பொருளைப் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. வீடு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இதில் ஒரு கசப்பான திருகலும் உண்டு. எண்பதுகளில் நாளிதழ் படித்தவர்களுக்கு 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற தலைப்பு நினைவிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு ஸ்டவ்மேல் பழி போட்ட வீடுகள் இருந்தன. கையின் குற்றத்தைப் பொருள் சுமந்தது. அதனால் திருமணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை என்ற முறை வந்தது, வரத்தான் வேண்டும். ஆனால் நான் புரட்டிய கோப்புகளில் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் எல்லோருடைய வாக்குமூலமும் இருக்கும். அந்த ஸ்டவ்வைச் சோதனைக்கு அனுப்பிய தாளை நான் ஒரு கோப்பிலும் பார்க்கவில்லை. அப்படிச் சோதிக்காமல் விட்டது கொன்றவர்கள் தப்பவும் உதவியிருக்கும், உண்மையிலேயே கோளாறான ஸ்டவ்வை விற்றவர்கள் தப்பவும் உதவியிருக்கும்.

இப்போது மூடி. 2011. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணச் சீரில் தாய்மாமன் வாங்கி வைத்த குக்கர், நாலு மாதம் பழகியது. புதுப்பெண் துவரம்பருப்பு வைத்திருக்கிறாள். நுரையோடு பருப்புத்தோல் ஏறி வெயிட் குழாயை அடைத்துக்கொண்டது. மூடி கூரை ஓட்டில் மோதி விழுந்தது. கழுத்திலும் தோளிலும் காயம், இரண்டு முறை தோல் ஒட்டு சிகிச்சை. என்னிடம் வந்தபோது ஒன்றே முக்கால் வருஷம் ஓடிவிட்டது. புகார் கொடுக்கக் கெடு இரண்டு வருஷம். நான் பழைய பயத்தோடு, "குக்கர் எங்கே?" என்றேன்.

பாத்திரத்தைப் பழைய சாமான்காரனிடம் போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கியாயிற்று. மூடி மட்டும் இருந்தது. வெடித்த அன்று மருமகளைத் திட்டிய அதே மாமியார், அதைக் கோழிக்குஞ்சு கவிழ்க்கும் கூடைமேல் பாரமாக வைத்திருந்தார். "கனமா இருந்துச்சும்மா, பூனை தள்ள முடியாது" என்றார். அந்தக் கோழிக்குஞ்சுகளுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

நிறுவனத்தின் வாதம் மூன்று படியாக வந்தது. வாங்கியவர் தாய்மாமன், இந்தப் பெண் எங்கள் வாடிக்கையாளரே இல்லை. இது நிற்கவில்லை, வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது, 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. அடுத்து, அந்த வால்வு எங்களுடையது இல்லை, தெருவில் 'குக்கர் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர்' என்று கூவி வருபவர் போட்டது என்றார்கள். நாலு மாதக் குக்கருக்கு ரிப்பேர் எதற்கு என்று மாவட்ட நுகர்வோர் மன்றத் தலைவரே கேட்டார். தாய்மாமன் பில்லைத் தன் இன்சூரன்ஸ் பத்திரங்களோடு வைத்திருந்தார். அப்படிப்பட்ட தாய்மாமன் எல்லோருக்கும் அமைய வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. குழாயைச் சுத்தம் செய்யாமல் வைத்தது அந்தப் பெண்ணின் தவறு. கையேட்டில் ஒவ்வொரு முறையும் ஊதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

நான் சேஃப்டி வால்வைப் பற்றி அன்றுதான் முழுதாகப் படித்தேன். மூடிய பாத்திரத்தில் நீராவி அழுத்தம் ஏற ஏற வெப்பமும் ஏறும். வழக்கமான சமையலில் 120 டிகிரி அளவில் நிற்கும். வெயிட் தூக்கி நீராவியை விட்டுவிடும். குழாய் அடைத்துக்கொண்டால் வெப்பம் மேலே போகும். அப்போது வால்வுக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கலவை உருகி, துளை திறந்து, நீராவி சீறி வெளியேற வேண்டும். பருப்பு வீணாகும், ஆள் பிழைப்பாள். மன்றம் மூடியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. அறிக்கை ஒன்றரைப் பக்கம். குழாயில் அடைப்பு இருந்தது உண்மை. வால்வின் கலவை உருக வேண்டிய வெப்பத்தில் உருகவில்லை என்பதும் உண்மை.

நான் சொன்னது இவ்வளவுதான். குழாயை மனிதர்கள் ஒருநாள் ஊத மறப்பார்கள் என்று தெரிந்துதான் ஐயா, இந்த இரண்டாவது வால்வையே வைத்திருக்கிறார்கள். கை தவறவே தவறாது என்றால் இந்த வால்வு எதற்கு? கை தவறிய அன்றைக்கு வேலை செய்வதற்காக வைத்த உறுப்பு அன்றைக்கு வேலை செய்யவில்லை. அப்படியிருக்கக் கை தவறியது என்பதையே பதிலாகச் சொன்னால் எப்படி?

வென்றோம். மாநில ஆணையத்தில் தொகையைக் குறைத்தார்கள். கையில் பணம் வர ஐந்து வருஷம் ஆனது. வழக்கு முடிந்து சான்றுப்பொருள் திரும்பி வந்தபோது அந்தப் பெண் மூடியைத் தொட மறுத்துவிட்டாள். "நீங்களே வச்சுக்கங்க வக்கீலம்மா."

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இந்த வழக்கை இன்னும் எளிதாக்கியிருக்கும். அதன் ஆறாவது அத்தியாயம் 'பொருள் பொறுப்பு' பற்றியது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, குறித்த அளவிலிருந்து விலகல், போதிய எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் சொல்லாமை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. 86ஆவது பிரிவு கடைக்காரரைத் தொடுகிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை, அல்லது அவர் நம் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவர் என்றால், விற்றவர் பதில் சொல்ல வேண்டும். பெயரில்லாத சார்ஜரும் முகவரியில்லாத ஹீட்டரும் விற்கும் கடைகளுக்கு இது பொருந்தும். 87ஆவது பிரிவைப் பிள்ளைகள் மூலத்தில் நிதானமாகப் படியுங்கள். தவறாகப் பயன்படுத்தினால், மாற்றியமைத்தால் வழக்கு இல்லை என்ற காப்பை அதன் முதல் உட்பிரிவு விற்பவருக்குத்தான் தருகிறது. தயாரிப்பாளர்களின் வக்கீல்கள் அதைத் தங்களுக்கும் சேர்த்தே வாசிப்பார்கள். நீங்கள் மறுபடி வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

நஷ்டஈட்டுத் தொகை எத்தனை லட்சம் என்பதை வைத்து எந்த நுகர்வோர் ஆணையம் என்று இப்போது முடிவாவதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலைதான் கணக்கு. குக்கர் விலை ஆயிரத்துச் சொச்சம் என்பதால் மாவட்ட ஆணையம் (பழைய மாவட்ட மன்றம்) போதும். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே கிடையாது. உங்கள் ஊரிலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இதைச் சொல்வதால் என் சக வக்கீல்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

2021 பிப்ரவரி 1 முதல் வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்குப் பிறகும் முத்திரை இல்லாத 2,265 குக்கர்கள் தன் தளத்தில் விற்பனையானதற்காக அமேசானுக்கு 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கவும் சொன்னது. அந்த விற்பனையில் தளத்துக்குக் கிடைத்த கட்டணமே 6 லட்சத்து 14 ஆயிரத்துக்கு மேல் என்று உத்தரவில் இருக்கிறது. அபராதத்தையும் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆனாலும் அந்த உத்தரவில் எனக்கு மதிப்பு உண்டு. யாருக்கும் கை வேகும் முன்னரே 2,265 வீட்டுக் கதவைத் தட்டச் சொன்ன உத்தரவு அது.

சட்ட உதவி என்றதும் வக்கீல் வைத்துக் கொடுப்பது என்று நினைக்கிறோம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானச் சான்று எதுவுமில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கும் அது செல்லும். அடுப்படியில் வேகிறவர் பெரும்பாலும் பெண் என்பதால், இந்த வழக்குகளில் அநேகமாக எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. 15100க்கு அழைத்தால் போதும். ஆனால் அழைப்பதற்குள் பொருள் போய்விடுகிறதே, அதுதான் என் கவலை.

அதனால் சட்ட உதவி தீக்காய வார்டின் வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதும்போது 'சமைக்கும்போது தீக்காயம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 'குக்கர் மூடி தெறித்து' என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி ஐந்து வருஷம் கழித்துப் பேசும். உடன் வந்தவர் வீட்டுக்குப் போய் வெடித்ததைக் கழுவாமல், தட்டி நிமிர்த்தாமல், சிதறிய துண்டுகளோடு துணியில் சுற்றி வைக்க வேண்டும். அடுப்பும் சுவரும் இருந்தபடியே போனில் படம் எடுக்க வேண்டும். கடைக்காரர் புதுசு தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், பழையதைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் மேளா காலத்தில் இதைச் சொல்வது சுலபம், கேட்க வைப்பது கஷ்டம்.

சிலிண்டர் விபத்து என்றால் கூடுதலாக ஒன்று. கசிவு வாசம் வந்தால் 1906. விபத்தே நடந்துவிட்டால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில் இறந்தவர் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், காயம்பட்டவர் மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை உண்டு. நாம் பிரீமியம் கட்டுவதில்லை. ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது எரிவாயுவால் நடந்த விபத்துக்குத்தான், குக்கருக்கு இல்லை. ஏஜென்சிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், பெரும்பாலும் காலண்டருக்குப் பின்னால்.

அடுப்படிக்கு வெளியேயும் இதே கதைதான். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது சந்தேகம் ஓர் இருமல் மருந்தின்மேல் விழுந்தது. கோல்ட்ரிஃப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையிலிருந்து எடுத்த மாதிரியில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அது மருந்தில் சேரவே கூடாத நஞ்சு. மருந்துக்குத் தனிச் சட்டம், தனி நடைமுறை. இன்று அதற்குள் போகவில்லை. சோதனைக்கு எடுத்த அந்தப் பாட்டில் ஆய்வுக்கூடத்துக்குப் போயிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கிறேன். டோஸ் அதிகமாகக் கொடுத்துவிட்டாயா, மூடியில் அளந்தாயா, ஸ்பூனில் ஊற்றினாயா என்று அந்தத் தாய்மார்களைத்தான் கேட்டிருப்போம்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். கேள்வி நேரத்துக்கு முன்னால் இந்த மூடியை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பாருங்கள். குழாய்க்குள் கண் வைத்துப் பாருங்கள், பருப்புத்தோல் இன்னும் ஒட்டியிருக்கிறது. முறிந்த பல் கூராக இருக்கும், விரல் ஜாக்கிரதை. பின்வரிசைவரை போய்விட்டுத் திரும்பி என்னிடமே வர வேண்டும்; அடுத்த வாரம் திண்டுக்கல்லில் ஒரு கூட்டம் இருக்கிறது.